ஆடியில் பூத்த மாமரம்

ஹேமநாத்: எண்ணூறு ரூபா.

தேவயானி: எதுக்கு?

ஹேமநாத்: நம்ம ஆறு வருஷக் குடித்தனத்துக்கு. பத்திரிகைக்காரங்க போட்ட வெல. நம்ம கதைய எடுத்துக்கறாங்களாம்.

தேவயானி: பேரம் பேசாமயா ஒத்துக்கின? சித்தூர் மாங்கா மண்டியில பொறந்தவன்!

ஹேமநாத்: பேசாம வுடுவனா? ஐநூறுலதான் ஆரமிச்சாங்க. ஆனா கடைசிப் பிரதிய நீ பாத்து சரின்னாதான் அனுப்புவேன்.

தேவயானி: அப்ப இதான் கடைசி. இனிமே திருப்பதிக்கு பஸ் ஏற வேல இல்ல.

ஹேமநாத்: ம்... இல்ல.

தேவயானி: நிம்மதி. “உன் கத கிலோ எவ்ளோக்குப் போவும்”னு கேட்டு என்னை வூட்ட வுட்டே கெளப்பின ஆளு, இப்ப எங்கிட்டயே கத கத்துக்க வர்ற... சரி, வாய் வுட்டுப் படி.

ஹேமநாத்: பஸ் ஸ்டாண்டுலயா? டீக்கடைக்காரரு பாக்கறாரு.

தேவயானி: பாக்கட்டும். கண்ணுக்குத் தப்பினது காதுல இடறும். எத்தினி தபா சொல்றது?

ஹேமநாத்: “அவள் பிரிந்து போனதும் அவன் தாங்க முடியாத வேதனையில் வாடினான்...”

தேவயானி: அடிச்சிடு.

ஹேமநாத்: நெசமாவே வாடினான், தேவி.

தேவயானி: நீ சொன்னா எவன் நம்புவான்? மண்டியில துண்டப் போட்டு, அடியில வெரலப் புடிச்சித்தானே வெல பேசறீங்க? கதையும் அப்டித்தான். படிக்கறவன் வெரல்ல படணும்... நீ கூவிச் சொல்லக் கூடாது. அவ போன அன்னிக்கி ராத்திரி இன்னா பண்ணான்?

ஹேமநாத்: ரெண்டு தட்டுல சோறு போட்டுட்டான்.

தேவயானி: அத எழுது. மேல படி.

ஹேமநாத்: “ஆடி மாதம். வாசல் மாமரம் பூத்துக் குலுங்கியது...”

தேவயானி: யோவ்! ஆடியில எந்த ஊரு மாமரம் பூக்குது? கடைசிக் காயும் எறங்கி, பழக்கூழ் ஃபேக்டரிய கழுவி வுட்டுக்கினு இருப்பாங்க!

ஹேமநாத்: அய்ய... தப்பாயிடுச்சா? மாத்தி எழுதி அடுத்த மாசம் எடுத்தாறேன்.

தேவயானி: போன மாசம் கதையில, சித்தூர்லேர்ந்து திருப்பதிக்கு வர்ற பஸ்ஸ எதிர்ப்பக்கம் கெடக்கற வேலூர் வழியா வுட்ட. அதுக்கு மின்ன, கத பாதியில அவ பேரே மாறிப்போச்சி. மோந்து பாத்தே எந்தத் தோட்டத்துக் காய்னு சொல்ற ஆளுக்கு, மரம் எப்ப பூக்கும்னு தெரியாதா?

ஹேமநாத்: தப்பில்லாத கதைய எடுத்துக்கினு எந்த மூஞ்சியோட இங்க வர்றது, தேவி?

கண்டக்டர்: சித்தூரு, சித்தூரு! எக்கண்டி, ஏறுங்க, ஏறுங்க!

ஹேமநாத்: பஸ் பொறப்படுது, நான் ஏறிட்டேன். சொல்லு. அனுப்பிடவா... திருத்தி எடுத்தாறவா?

தேவயானி: இன்னொரு தப்பு இருக்குது.

ஹேமநாத்: எங்க?

தேவயானி: முடிவுல. “அவள் திரும்பவேயில்லை”ன்னு வெச்சிருக்கியே... மொத தபா படிச்சப்பவே பாத்துட்டேன்.

ஹேமநாத்: பாத்தியா? அப்பவே ஏன் சொல்லல?

தேவயானி: சொன்னா கத சரியாயிடும். நீ வர மாட்ட. நானும் ஏறிட்டேன், கொஞ்சம் நவுரு, ஜன்னல் சீட்டு எனக்கு... தெரிஞ்சே நீ வெச்ச தப்பு மூணு. தெரிஞ்சே நான் மறச்சது ஒண்ணு. எம்மேல பாக்கி ரெண்டு. அத சித்தூருக்கு வந்து பண்ணிக்கறேன்.