எரியோடு பிரிவில் ஒரு ஆள்

ராத்திரி ஒன்றரை மணி. வேடசந்தூரிலிருந்து எரியோடு போகிற ரோடு. இந்தப் பக்கம் சோளக்காடு, அந்தப் பக்கம் கருவேல மரங்கள்... நடுவில் ஒரு மில் வேன் மட்டும் நிற்கிறது. ஹெட்லைட் எரிகிறது. உள்ளே டிரைவர் ஒருத்தன்தான்.

என் தோழி கீர்த்தனாவின் நாத்தனாருக்கு நடந்தது இது. கீர்த்தனா என்னிடம் ஒரு தடவைதான் சொன்னாள். மறுபடி கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... ஜன்னல் பக்கம் யாரும் வேண்டாம்.

நாத்தனார் பெயர் சூர்யகலா. வேனில் இருந்தவன் அவள் கணவன் சந்தோஷ்குமார். கல்யாணமாகி நாலு மாதம்கூட முடியவில்லை. வேன் ஓட்டுகிற வேலையில் அன்றுதான் சேர்ந்திருந்தான். வேலையில் முதல் ராத்திரி. திண்டுக்கல் நாகல் நகர் வீட்டில், கட்டிலில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அவள் விழித்திருந்தாள். அவன் ரோட்டில் இருக்கும்போது தூக்கம் எங்கே வரும்?

வேலை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். எரியோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நூல் மில். அங்கே கம்ப்யூட்டர் பார்ப்பவள் அவள். ராத்திரி ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிவர வேனை அனுப்புவது கம்ப்யூட்டர்தான். எந்த நிறுத்தத்தில் யார் ஏற வேண்டும், எந்த டிரைவருக்கு மெசேஜ் போக வேண்டும், எல்லாம் அதற்குள் எழுதி வைத்திருக்கும்.

பழைய டிரைவர் கண்ணுசாமி போன மாதம் இறந்துபோனார். எரியோட்டுக்கு ரோடு பிரிகிற எரியோடு பிரிவில், என்ஜின் ஓடியபடி வேன் நின்றது. அவர் வேனுக்குள் இல்லை. பஸ்சுக்குக் காத்திருப்பவர் மாதிரி ரோட்டோரத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்... உயிர் இல்லை. நெஞ்சுவலி என்றார்கள்.

சந்தோஷ்குமார் வேலையில் சேர்ந்த அன்று சாயங்காலம் மேனேஜர் பொன்னுச்சாமி வந்து நின்றார்.

"ஏம்மா, வேன்ல ஏறுற பொண்ணுகளுக்கு இன்னும் செத்தவரு பேருலயே மெசேஜ் போகுது. புள்ளைக எப்படி நம்பி ஏறும்? உன் வீட்டுக்காரர் பேரை மாத்திவிட்டுட்டுக் கிளம்பு."

அந்த மில் கம்ப்யூட்டரில் தொட்டு அழுத்தப் படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்கிற ஏற்பாடுகளெல்லாம் ஒரே ஃபோல்டருக்குள் நூற்றுக்கணக்கான சின்ன ஃபைல்களாக இருக்கும். கிரெப் என்று அடித்து ஒரு பெயரைக் கொடுத்தால் போதும். அத்தனை ஃபைலுக்குள்ளும் புகுந்து, அந்தப் பெயர் இருக்கிற வரிகளை மட்டும் எடுத்துவந்து காட்டும். இந்த வேலை தெரிந்தவர்கள் முதலில் தேடிப் பார்ப்பார்கள். வந்த ஒவ்வொரு வரியையும் படிப்பார்கள். அப்புறம்தான் எதையும் மாற்றுவார்கள்.

சூர்யகலா அன்று படிக்கவில்லை. மில் கேட்டுக்கு வெளியே சந்தோஷ்குமார் புதுச் சட்டையோடு நின்றான். டீ குடிக்கப் போகலாம் வா என்று மிஸ்டு கால் மேல் மிஸ்டு கால். கண்ணுசாமி என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் சந்தோஷ்குமார் என்று போடு... ஒரே கட்டளையாக அடித்தாள். எண்டரைத் தட்டினாள். ஓடினாள்.

இப்போது, ராத்திரி ஒன்றரைக்கு, அவனிடமிருந்து போன்.

"கலா, எரியோடு பிரிவுல ஒரு ஆள்னு மெசேஜ் வந்துச்சு. வந்து நிக்கிறேன். ஒரு ஈ காக்கா இல்ல."

"மில்லுப் பொண்ணுக யாராவது தள்ளி நிப்பாங்க. ஹாரன் அடிச்சுப் பாருங்க."

"அடிச்சேன். நாய்தான் எந்திரிச்சுத் திட்டுது. புது மாப்பிள்ளைன்னு உன் கம்ப்யூட்டரு என்னைய வச்சு வெளையாடுதுபோல."

சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. அந்த நிறுத்தத்தில் ஏறுகிற ஆள் யாருமே மில்லில் கிடையாது.

வீட்டிலிருந்தே மில் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தாள். கிரெப். சந்தோஷ்குமார். எண்டர்.

டிரைவர்: சந்தோஷ்குமார் என்று சில வரிகள் வந்தன. சரிதான். கடைசியாக ஒன்று, கொஞ்சம் தாமதித்து வந்தது.

நிறுத்தம்: எரியோடு பிரிவு. ஏற வேண்டியவர்: சந்தோஷ்குமார்.

டிரைவர் இல்லை... ஏற வேண்டியவர்.

சாயங்காலம் வரை அந்த இடத்தில் இருந்த பெயர் கண்ணுசாமி. அந்த வரியை அவள் எழுதவில்லை. மில்லில் அதை எழுதத் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை. வரிக்கு முன்னால் இருந்த ஃபைலின் பெயரைக் கொடுத்துத் திறந்தாள். அப்படி ஒரு ஃபைல் இல்லை என்றது திரை. மறுபடி தேடினாள். வரி அங்கேயே இருந்தது.

மூடிய அறைக்குள் பஞ்சுத் தூசி வாடை. அதோடு சூடான டீசல்...

"செத்த நேரம் இரு கலா. எதிர்ல ஒரு வேன் வருது. லைட்டே போடாம... அட, நம்ம மில் வேன் மாதிரியே இருக்கு."

மில்லுக்கு இருப்பது ஒரே வேன்.

"கிளம்புங்க! அங்க நிக்காதீங்க, வண்டிய எடுங்க!"

கர்ர்ர்... கர்ர்ர்... என்ஜின் பிடிக்கவில்லை. பிறகு அவன் குரல் வந்தது. தூக்கத்தில் பேசுகிறவன் குரல்.

"கூப்பிடுறாங்க கலா... தெரிஞ்ச குரலா இருக்கு. போயி என்னன்னு பார்த்துட்டு வாரேன்."

வேன் கதவு திறக்கிற சத்தம். சரளைக் கல்லில் செருப்பு நடக்கிற சத்தம்... சரக்... சரக்...

சாயங்காலம் மாதிரியே, ஆனால் ஏற வேண்டியவர் என்ற வரிக்கு மட்டும், கட்டளை அடித்துப் பெயரை அழித்தாள். தேடினாள். சந்தோஷ்குமார் என்றே இருந்தது. கைக்கு வந்த எழுத்தையெல்லாம் சேர்த்து இல்லாத ஒரு பெயரைப் போட்டாள். தேடினாள். சந்தோஷ்குமார். சாயங்காலம் மட்டும் எப்படி மாறியது? அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு ஆளை எடுத்தால், இன்னொரு ஆளைக் கொடுக்க வேண்டும். உயிரோடு இருக்கிற ஆள்.

பக்கத்து வீட்டு கனகா ஞாபகம் வந்தாள். தினமும் குப்பையை இவள் வாசலுக்குத் தள்ளிவிட்டு, கேட்டால் வம்புக்கு வருகிறவள். 'க' அடித்தாள். 'ன' அடித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கனகாவின் குழந்தை இருமியது. "ஒண்ணுமில்லடா தங்கம்" என்று கனகா தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

அழித்தாள்.

போனில் சரக்... சரக்... நின்றுவிட்டது. அவன் யாரிடமோ, "எங்க உட்காரணும்?" என்று கேட்டான்.

சூர்யகலா தன் பெயரை அடித்தாள். எண்டர்.

தேடினாள். ஏற வேண்டியவர்: சூர்யகலா. இந்தத் தடவை அது மாறாமல் நின்றது.

"கலா?" அவனுக்கு மூச்சு வாங்கியது. "நான் எதுக்கு ரோட்டுல நிக்கிறேன்? அந்த வேன் திரும்பிப் போயிருச்சு... திண்டுக்கல் பக்கமா."

அவள் அழுதுவிட்டாள். "ஒண்ணும் கேக்காதீங்க. வண்டியில ஏறி நேரா மில்லுக்குப் போயிருங்க. அங்க நாலு பேரு இருப்பாங்க."

இப்போது என்ஜின் முதல் தடவையே பிடித்தது. கொஞ்ச தூரம் போயிருப்பான். அவன் போனில் டிங் என்று ஒரு சத்தம்.

"இன்னொரு மெசேஜ் கலா. நாகல் நகர்ல ஒரு ஆளாம்... நம்ம தெருவைப் போட்டிருக்கு. இந்நேரத்துல யாரு அது?"

எரியோட்டிலிருந்து நாகல் நகருக்கு எவ்வளவு வேகமாக வந்தாலும் அரை மணி நேரமாவது ஆகும். ஆனால் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றுவிட்டது. ஹாரன் இல்லை. வெளிச்சம் இல்லை. டக டக டக என்று என்ஜின் மட்டும்... பொறுமையாக.

கதவைத் திறக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டாள். யார் கூப்பிட்டாலும் சரி. விடிகிற வரைக்கும் இந்தக் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது.

"கலா... கலா... லைன்ல இருக்கியா?"

அவன் குரல் ஏன் இவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்று திரும்பிப் பார்த்தாள். போன் கட்டிலில் கிடந்தது. லேப்டாப்பும் அங்கேதான் இருந்தது. அவள் காலில் செருப்பு இருந்தது. தோளில் கைப்பை தொங்கியது. தாழ்ப்பாள் ஏற்கெனவே விலகியிருந்தது.