சரியா மடியாத கார்

ஹலோ... ஹலோ... தம்பி, அக்காதான்டா. கேக்குதா?... இரு, வராண்டாவுக்கு வந்துடறேன், லேப்ல ஒரே கூச்சல்... ஆங், இப்ப?... சரி. வீட்டுலதான இருக்க?... லீவா. சரி சரி.

ஒண்ணுமில்ல, முந்தாநாள் உன் கார் படம் அனுப்பினல்ல... ஆமாமா, கிடைச்சுது. நல்லா வந்திருக்கு. நான் சொன்னபடி முப்பது அடி தள்ளி நின்னு ஜூம் பண்ணித்தான் எடுத்திருக்க, தெரியுது. கிட்ட நின்னு எடுத்தா மூக்கு பெருசா, கூரை சின்னதா வரும்... அதேதான்.

எதுக்கா? அன்னிக்கே சொன்னேனேடா. என் காலேஜ் பசங்களுக்கு ஒரு பயிற்சி. கார் ஓடும்போது எதிர்காத்து தடுக்குதில்ல, அது எவ்வளவுன்னு கணக்குப் போடணும்னா, நேரா முன்னால நின்னு பாத்தா கார் எவ்வளவு இடத்தை அடைக்குதுன்னு முதல்ல தெரியணும்... ஆமா, அகலத்தையும் உயரத்தையும் பெருக்கி நூத்துக்கு எண்பத்தஞ்சு எடுத்துக்கறது குறுக்கு வழி. நான் அதோட விடுவேனா? படத்தைக் கட்டம் போட்ட தாள்ல அச்சடிச்சுக் குடுத்து, ஓரத்தோட வெட்டி, கட்டத்தை எண்ணுங்கன்னுட்டேன்... ஆமா, தடித்தடியா இருந்துகிட்டு கத்திரிக்கோலோட உக்காந்திருக்குங்க. சிரிக்காத.

வந்துச்சு, வந்துச்சு. ரெண்டு புள்ளி ஒண்ணு நாலு சதுர மீட்டர். குறுக்கு வழியில ரெண்டு புள்ளி ஒண்ணு ஏழு. பக்கத்துல பக்கத்துலதான். கணக்குல ஒரு குறையும் இல்ல.

இல்ல, கேளு. ஒரு பொண்ணு முழுசா எண்ண சோம்பல்பட்டு தாளை நடுவுல மடிச்சிருக்கா. பாதியை எண்ணி ரெட்டிப்பாக்கிடலாம்னு. மடிச்சா ஒண்ணுமேல ஒண்ணு உக்காரலை. "மேடம், இந்தக் காருக்கு வாய் கோணிடுச்சு"ன்னா. வகுப்பே சிரிச்சுது. நானும்தான் சிரிச்சேன்.

ம்... ம்... எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, நீ கொஞ்சம் சாய்ச்சு எடுத்திருப்பேன்னு. ஆனா சாஞ்சிருந்தா ஒரு பக்கம் பூரா தள்ளிப் போயிருக்கணும். டயரு, பம்பரு, கீழ எல்லாம் கச்சிதமா உக்காருது. மேலதான் உதைக்குது. படத்துல வலது பக்கம், அதாவது காருக்கு இடது பக்கம். சைடு கண்ணாடி நிஜ அளவுல ரெண்டு விரக்கடை மேல ஏறியிருக்கு. முன்கண்ணாடி ஓரமா கூரையைத் தாங்கிட்டு ஒரு சட்டம் போகுமே, அது உள்ள போயிருக்கு.

ஹலோ?... இருக்கியா?...

கேட்டுல இடிச்சுதா. எப்போ?... போன மாசமா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே... சின்னதுதானா. சரி, சரி. தம்பி, நம்ம கேட் தூண் என் இடுப்பு உயரம். அது எப்படிடா அவ்வளவு மேல போய் இடிக்கும்?

லாரியா? இப்பதான கேட்டுன்ன?

கத்தாத... நான் ஒண்ணும் உன்னைக் கூண்டுல ஏத்தல. முன்கண்ணாடியும் புதுசுதான? உன் ஆபீஸ் பார்க்கிங் ஸ்டிக்கர் அதுல இல்ல... ம்.

எதை இடிச்ச?

...நாய் அவ்வளவு உயரமாடா?

டேய்... டேய், அழாத. தண்ணி குடி முதல்ல... மெதுவா. சொல்லு... ஆமா, அப்பாவைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போன அன்னிக்கு. சாயங்காலம் நான்கூட போன் பண்ணேன், எல்லாம் நல்லாருக்குன்னியே... டாக்டர் என்னதான் சொன்னார்?... இடது பக்கம் வர்றது எதுவுமே தெரியாதா?... இனிமே வண்டியே ஓட்டக்கூடாதுன்னாரா. சரி, அப்புறம்?

...யாரு?

அப்பாவா ஓட்டினார்?

நீ எதுக்குடா சாவியைக் குடுத்த?... பிடுங்கினாருன்னா? உனக்கு முப்பத்தஞ்சு வயசு... தெரியும். தெரியும்டா. அவர் குரலை உசத்தினா நமக்கு இன்னும் கை கால் ஓடறதில்ல. நாப்பது வருஷமா ஓட்டறேன், எனக்கா நீ சொல்லித் தர்றேன்னிருப்பார்... ம்.

சைக்கிள்ல போனவரா... வளைவுலயா... நிறுத்தினீங்களா? இறங்கினீங்களான்னு கேட்டேன்.

எழுந்து உக்காந்ததைக் கண்ணாடியில பாத்தியா. எந்தக் கண்ணாடியிலடா? அந்தப் பக்கத்துதான் உடைஞ்சு தொங்கியிருக்குமே.

உயிரோட இருக்காரா?

தெரியாதுன்னா என்னடா அர்த்தம்? ஒரு மாசம். ஒரு மாசமா ஒரு ஆஸ்பத்திரியில போய் விசாரிக்கலை?... அந்த வழியாவே போறதில்லையா. சுத்திப் போறியா... அம்மாவுக்கு?... அம்மாவுக்கும் தெரியுமா. அதான் என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு உடனே போனை வெச்சுடறாங்க.

எதைக் கிழிச்சுப் போடறது? முப்பத்திரெண்டு பேர் கையில இருக்கு. ஆளுக்கொரு தாள். நம்பர் பலகையோட. என் கையால அச்சடிச்சுக் குடுத்திருக்கேன். ஒருத்தன் மடிச்ச தாளைப் படம் எடுத்து அவங்க குரூப்ல வேற போட்டுட்டான்... இல்ல, யாருக்கும் ஒண்ணும் புரியல. இன்னிக்குப் புரியல.

அதெல்லாம் வேண்டாம். நாலு மணிக்கு காலேஜ் விட்டதும் நான் வர்றேன். நீ, நான், அப்பா மூணு பேருமா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறோம்... அப்பாவுக்கு எழுபத்திரெண்டு வயசுன்னா? அந்த சைக்கிள்காரருக்கு என்ன வயசு, அது தெரியுமா உனக்கு?

இரு. என்ன சத்தம் அது?... பக்கத்துல யாரு?... ஸ்பீக்கர்லயா போட்டிருக்க? எப்பலேர்ந்து?

...அப்பா.

ஆமாப்பா, நான்தான்... இல்லப்பா, உங்களைக் காட்டிக்குடுக்கணும்னு நான்... தற்செயலாத்தான்ப்பா. பாடத்துக்காக... ஆமா... ஆமாப்பா... நீங்களே போய்ச் சொல்றது நல்லதுதான். ரொம்ப நல்லதுதான்ப்பா. நான் இப்பவே கிளம்பறேன், அரை மணி நேரம், வந்து கூட்டிட்டுப்... என்னது?... யாரும் கூட்டிட்டுப் போக வேண்டாமா?

அப்பா, வேண்டாம்ப்பா. ஒரு டாக்ஸி வரச் சொல்றேன்... கோவத்துல சொல்லலப்பா, நீங்க சொல்றது புரியுது, தனியா போய்த்தான் சொல்வேன்னா சொல்லுங்க, ஆனா ஓட்டிட்டு மட்டும்... அப்பா! அப்பா!

தம்பி! சாவி எங்கடா?... ஆணியிலயா மாட்டி வெச்சிருக்க? எடுத்துட்டாரா? ஓடு. ஓடுடா, கேட்டைச் சாத்து... அம்மாவைக் கூப்பிடு, அம்மா சொன்னா நிப்பார்... எனக்கே கேக்குதுடா, ஸ்டார்ட் பண்ணிட்டார்... தம்பி, இடது பக்கமா போகாத, நீ நிக்கறது அவருக்குத் தெரியாது!... மணி மூணரைடா, பள்ளிக்கூடம் விடற நேரம், ரோடு பூரா பிள்ளைங்க சைக்கிள்ல...

ஹலோ?

ஹலோ... தம்பி?