முதல் தடத்து வெள்ளை நாடா

அந்த மைதானத்தில் மத்தியான வெயில் முகத்தில் அடிக்காத இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. கடைசி வளைவு தொடங்கும் இடத்துக்கு நேர் எதிரே, சிமெண்ட் படிகளில் மேல் மூன்று வரிசை. ரிலே போட்டி நடக்கும் வருடமெல்லாம் நாங்கள் அங்கேதான் உட்காருவோம். நாங்கள் என்றால் நான், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், மின்சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர். கடைக்காரருக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தோம். வாயை மூடவே மாட்டார்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். நேற்று இரண்டொரு இடத்தில் மறைத்தேன், அதையும் இன்று சரிசெய்துவிடலாம். அதற்கு முன் ஒன்று. உங்கள் தலைக்கு மேலே அந்த மின்விசிறி தட்டுகிறது. திருகு தளர்ந்திருக்கிறது. யாரிடமாவது சொல்லி இறுக்கிவிடுங்கள், ஆபத்து.

நான் எடை அளவு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதிப்பது என் பிழைப்பு. முள் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் முத்திரை வைக்க மாட்டேன், கடைக்காரன் காலில் விழுந்தாலும் சரி. அதனால்தான் எறிகிற குண்டும் தட்டும் சரியான எடையில் இருக்கிறதா என்று பார்க்கப் போட்டி நடத்துகிறவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். கையில் ஒரு பச்சைப் பட்டை கட்டிவிடுவார்கள். அந்தப் பட்டை இருந்தால் மைதானத்துக்குள் எங்கே போனாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

என் மகளைச் சின்ன வயதிலிருந்து ஓடப் பழக்கியவன் நான். எண்ணூறு மீட்டர். நூறு மீட்டரெல்லாம் தும்மல் மாதிரி, வந்தது தெரிவதற்குள் போய்விடும். எண்ணூறில்தான் யோசனை வேண்டும், பொறுமை வேண்டும், வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டும். காலையில் அவள் ஓடுவாள், நான் சைக்கிளில் பக்கத்தில் வருவேன். அவள் அழுதால் சைக்கிளை இன்னும் வேகமாக மிதிப்பேன். அந்த வேகத்துக்கு ஓடிக்கொண்டே யாராலும் அழ முடியாது, அழுகை தானாக நின்றுவிடும். என் மனைவி இதைக் கொடுமை என்பாள். அவளுக்கு ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

போன வருடம் கல்லூரிக்குப் புதிதாக ஒரு கோச் வந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் மகளை ரிலேயில் சேர்த்தார். ஆளுக்கு நூறு மீட்டர் ஓடும் ரிலே. அவள் மூன்றாவது ஆள். அவளிடம் பேட்டனை, அதாவது கைமாற்றும் அந்தக் குச்சியை, கொண்டுவந்து கொடுக்கும் இரண்டாவது ஆளை எல்லோரும் ரெட்டைச் சடை என்று கூப்பிட்டார்கள். சிரித்துக்கொண்டே இருக்கிற பெண்.

இந்த வருடப் போட்டியின் முதல் நாள் எண்ணூறு மீட்டரில் என் மகள் கடைசியாக வந்தாள். நான் ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருவரையும் பார்க்கவில்லை.

"என்னண்ணே, உங்க பொண்ணு கடைசிச் சுத்துல காய்கறி வாங்கப் போற மாதிரில்ல வந்துச்சு," என்றார் ரேடியோ.

"அவளுக்கு உடம்பு சரியில்ல."

"உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க," என்றார் தபால்காரர். "மனசுதான் அங்க இல்ல."

தபால்காரர் அதிகம் பேசாதவர். அப்படிப்பட்டவர்கள் சொல்வதுதான் மனசில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது. ஆனாலும் என் தெர்மாஸிலிருந்து அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை ரிலேயின் அரையிறுதி. என் மகள் அந்த வளைவில் இரண்டு பேரைத் தாண்டினாள். சும்மா தாண்டவில்லை, அவர்கள் நின்றுகொண்டிருப்பது போல் தாண்டினாள். ரேடியோ படிமேல் ஏறி நின்று துண்டைச் சுழற்றினார். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் அது யார் பெண் என்று கேட்டார்கள். கோச்சின் பொண்ணு என்று யாரோ சொன்னார்கள். நான் திருத்தவில்லை.

"இந்தப் புள்ளயப் போயி இத்தன வருஷமா எண்ணூறுல போட்டு ஏங்க வதைச்சீங்க?" என்றார் தபால்காரர்.

வதைச்சீங்க என்ற வார்த்தையைக் கவனியுங்கள். என்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தை.

அதற்குப் பிறகு அவள் படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றாள். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு. "அப்பா, இன்னிக்குத்தாம்ப்பா ஓடுறது எனக்குப் புடிச்சிருக்கு," என்றாள். அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. சந்தோஷத்தில் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மழையிலும் பனியிலும் சைக்கிள் மிதித்தது இந்தக் கால்கள்தான். நேற்று வந்த கோச் துண்டை எடுத்து அவள் கழுத்தில் போடுகிறார். கோபம் என்றால் கோபம்தான், வேறு பெயர் எதற்கு.

இனி சொல்வதைக் கவனமாகக் கேட்க வேண்டும். பேட்டனை வாங்குகிறவள் பின்னால் பார்த்துக்கொண்டு நிற்பாள். தன் தடத்தில், கொண்டுவருகிறவள் வரும் பக்கத்தில், முன்கூட்டியே பாதத்தால் அளந்து ஒரு துண்டு நாடா ஒட்டி வைத்திருப்பாள். கொண்டுவருகிறவளின் கால் அந்த நாடாவைத் தொட்டதும் இவள் திரும்பி ஓட ஆரம்பிக்க வேண்டும். பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது, கையை மட்டும் பின்னால் நீட்ட வேண்டும். எல்லாமே அந்த நாடாவை நம்பித்தான்.

எங்கள் அணிக்கு இறுதி ஓட்டத்தில் முதல் தடம், உள்பக்கத்து இரும்பு விளிம்பை ஒட்டியது. பெண்கள் நாடாவை ஒட்டிவிட்டார்கள். அதற்குள் தடை ஓட்டத்துக்கு வைத்த சட்டங்களை எடுக்கத் தாமதமானதால் அவர்களை நிழலில் போய் உட்காரச் சொன்னார்கள். நான் குண்டுகள் வைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாக வந்தேன். ஷூ கயிறு அவிழ்ந்திருந்தது. உண்மையாகவே அவிழ்ந்திருந்தது, வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். குனிந்தேன். நாடாவை உரித்து, அவள் நிற்கப்போகும் பக்கமாக நான்கு பாதம் தள்ளி ஒட்டினேன். ஓரம் மடங்காமல் கட்டைவிரலால் தேய்த்தும் விட்டேன். என் மகள் திரும்பி வந்து அதைச் சந்தேகப்பட மாட்டாள் என்று தெரியும். ஒட்டியது ஒட்டிய இடத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறவள். அப்படித்தான் வளர்த்திருக்கிறேன்.

படிக்கு வந்தபோது ரெட்டைச் சடையின் அம்மா எங்களுக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆரஞ்சு உரித்து எல்லோருக்கும் கொடுத்தார். "நம்ம பொண்ணுங்க ரெண்டும் இன்னிக்கு அசத்திடும் பாருங்கண்ணா," என்றார். இரண்டு சுளை வாங்கித் தின்றேன். நல்ல இனிப்பு.

ஓட்டம் ஆரம்பித்தது. ரெட்டைச் சடை நேர்ப்பாதையில் பறந்து வந்தாள். அவளை நான் குறையே சொல்ல மாட்டேன், அவள் வேகத்தில் ஒரு தப்பும் இல்லை. என் மகள் நாடாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கிளம்பியபோது ரெட்டைச் சடை கிட்டத்தட்ட அவள் முதுகில் இருந்தாள். ஷூவின் ஆணிகள் என் மகளின் குதிகாலுக்கு மேலே இறங்கின. இருவரும் விழுந்தார்கள். ஒருத்தி புல்லில் விழுந்தாள். இன்னொருத்தியின் தலை இரும்பு விளிம்பில் மோதியது. ரேடியோ அன்றுதான் முதல்முறையாக வாயை மூடியிருந்தார். அவர் முகத்தை நான் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

தபால்காரர்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். என்ன சொன்னார் என்பதையும் ஊகிக்க முடிகிறது. ரிலேயோ தனி ஓட்டமோ, யார் ஓடினாலும் நான் ஸ்டாப்வாட்சை அமுக்குவேன், ஒலிபெருக்கியில் வருவதற்கு முன்பே நேரத்தைச் சொல்லிவிடுவேன். என் மகள் ஓடிய அந்த இறுதி ஓட்டத்துக்கு மட்டும் வாட்ச் என் சட்டைப்பையிலேயே இருந்தது. அதை அவர் பார்த்துவிட்டார். நான் செய்த ஒரே தவறு அதுதான். ஆனால் முடியப்போவதில்லை என்று தெரிந்த ஓட்டத்துக்கு நேரம் எதற்கு என்று அப்போது தோன்றியது.

ரெட்டைச் சடையின் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பதாக நேற்று சொன்னீர்கள். பெண் இன்னும் கண் திறக்கவில்லை என்றும் சொன்னீர்கள். வருத்தமான விஷயம். அந்தப் பெண்மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. நான் அவளை நினைக்கவே இல்லை.

அணி தோற்றால் போதும் என்றுதான் செய்தேன் என்று நேற்று சொன்னேனே, அது பொய். ஏன் இந்தப் பக்கம் தள்ளினீர்கள் என்று காலையில் நீங்கள் கேட்ட கேள்வியும் தபால்காரர் சொல்லிக்கொடுத்ததாகத்தான் இருக்கும், ஓட்டம் தெரியாதவர்களுக்கு அது தோன்றாது. நாடாவை எதிர்ப்பக்கமாகத் தள்ளியிருந்தால் என் மகள் சீக்கிரமே கிளம்பியிருப்பாள். பேட்டன் கைக்கு வராமல், அதை மாற்ற வேண்டிய எல்லையைத் தாண்டியிருப்பாள். கொடியைக் காட்டி அணியை நீக்கியிருப்பார்கள். யாருக்கும் கீறல்கூட விழுந்திருக்காது. எந்தப் பக்கம் தள்ளினால் என்ன ஆகும் என்று குனிந்தபோதே எனக்குத் தெரியும், வருடக்கணக்காக அந்தப் படியில் உட்கார்ந்து இதைத்தானே பேசியிருக்கிறோம். ஆனால் அப்படித் தோற்றால் ஒரு நாள் அழுவாள், அடுத்த மாதம் மறுபடி அந்தக் கோச்சிடமே போய் நிற்பாள். அதனால் இந்தப் பக்கம் தள்ளினேன். தெரிந்தேதான் தள்ளினேன்.

குதிகால் நார் அறுந்துவிட்டதாம். தைத்திருக்கிறார்கள். என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாளாம், வலியில் பிள்ளைகள் அப்படித்தான் பேசும். இனி வேக ஓட்டம் கிடையாது, கொஞ்ச காலம் போனால் மெதுவாக ஓடிப் பழகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதைத்தான் நானும் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். என் சைக்கிளை மட்டும் யாராவது மழையில் நனையாமல் உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.