கயிற்றைத் தொடாதீர்கள்

ஆல்டன்பரிப் பேராலயத்தைப் பார்க்க வருகிறவர்கள் நல்ல செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வர வேண்டும். கோபுரப் படிகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டன. இன்ஸ்பெக்டர் அவர்களே, நீங்களும் பார்த்து ஏறுங்கள். யாருக்கும் அடிபடுவதில் எனக்கு விருப்பமில்லை.

நான் ஹில்டா மார்ச்பேங்க், பேராலயத்தில் சம்பளமில்லாத வழிகாட்டி. கணவர் போன பிறகு, சனிக்கிழமை வழிகாட்டிக்கான நீல நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொள்வதற்காகத்தான் மற்ற நாட்களில் படுக்கையை விட்டு எழுந்திருக்கிறேன். காலஞ்சென்ற திரு. லயனல் ப்ரூவெட் போன சனிக்கிழமை மனைவி ம்யூரியலோடு வந்தார். அவரும் வேறொரு பேராலய ஊர்க்காரர். பாவம், அவர்கள் ஊர்க் கோபுரம் குட்டை. அந்தக் குறையை வாயால் ஈடுகட்டினார்.

நான் தூணைக் காட்டி நூற்றாண்டைச் சொன்னால், "இல்லீங்கம்மா, அடுத்த நூற்றாண்டு" என்பார். சன்னலைக் காட்டினால், "இது பின்னாடி ஒட்டுப்போட்ட கண்ணாடி. ஒரிஜினல் பாக்கணும்னா எங்க ஊருக்கு வாங்க" என்பார். சொன்னதெல்லாம் சரி. அதுதான் வயிற்றெரிச்சல். என்னோடு சுற்றிப் பார்க்க வந்த கூட்டம் முழுவதும் அவர் பக்கம் போய்விட்டது. நான் கடைசி ஆளாகப் பின்னால் நடந்தேன்.

"லயனல், அவங்கதானே கைடு? கொஞ்சம் பேச விடுங்களேன்" என்றார் ம்யூரியல்.

"நான் என்ன அவங்க வாயைப் பொத்தியா வெச்சிருக்கேன்? டீன் நம்மள டீக்குக் கூப்பிட்டிருக்காருல்ல, அவர்கிட்டயே சொல்லிடறேன். இந்தம்மாவுக்கு வயசாயிடுச்சு. வீட்ல உக்காந்து ஸ்வெட்டர் பின்னட்டுமே."

டீன் எங்கள் பேராலயத்தின் தலைமைக் குரு. கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொல்வதைக் கேட்கிற நல்ல மனிதர். நாடா போனால் எனக்கு வேறு எதுவும் மிச்சமில்லை.

மணியடிக்கும் அறைக்கு ஏறினோம். மாலையில் ஒரு கல்யாணம். அதற்காக மணிகளை வாய் மேலே பார்க்கத் தலைகீழாக நிறுத்திவிட்டு மணிக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அப்படி நிற்கும்போது பழகாத கை கயிற்றை இழுத்தால் ஒரு டன் வெண்கலம் சுழன்று இறங்கும். கயிறு, பிடித்தவரையும் கூட்டிக்கொண்டு கூரைக்குப் போகும். அதனால் 'கயிற்றைத் தொடாதீர்கள்' என்று ஒரு பலகை தொங்கும். திரு. ப்ரூவெட்டின் ஊரில் மணி மின்சாரத்தில் அடிக்கிறது. உலகத்தில் அவருக்குத் தெரியாத ஒரே விஷயம் இந்தக் கயிறுதான்.

பலகையில் தூசி இருந்தது. அவர் கூரை உத்தரங்களைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது அதைக் கழற்றி, துடைத்து, எழுத்து சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தேன். எனக்குச் சுத்தம் முக்கியம்.

எச்சரித்திருக்கலாமே என்கிறீர்கள். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசும்படி எங்களை வளர்க்கவில்லை. அவரும் பேச்சை நிறுத்துவதாக இல்லை. ஆனால் கயிற்றைப் பிடித்தவர் திடீரென்று என் பக்கம் திரும்பி, "இழுத்தா ஒண்ணும் ஆகாதே?" என்றார்.

அன்று முழுவதும் அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? வந்தவர் கேட்டதற்குப் பதில் சொல்வதுதானே வழிகாட்டியின் வேலை.

"ஒண்ணும் ஆகாதுங்க. நல்லா இழுங்க" என்றேன்.