மூன்று நாற்காலியும் ஒரு வலது கையும்

அவையை நடத்தும் தலைவர் சடகோபன் ஐயா அவர்களே! வெயிலைப் பொருட்படுத்தாமல் இந்தப் புத்தூர்க் கல்யாண மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே! களை எடுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! நகரியிலிருந்து என்னோடு பஸ் ஏறி வந்த தறித் தோழர்களே! விழா எடுக்கும் கப்பல் கம்பெனியின் ஏஜெண்ட், அருமைத் தம்பி சுரேஷ்பாபு அவர்களே! எல்லாருக்கும் மேலாக, மேடை நடுவிலே பட்டுத் துணி போர்த்தி, பெயர்ச் சீட்டு ஒட்டி, ஆளில்லாமல் அமர்ந்திருக்கும் மூன்று நாற்காலிகளே! உங்களுக்கும் இந்த வேதாச்சலத்தின் பணிவான வணக்கம்.

சிரிக்காதீர்கள். கம்பெனி முதலாளிகளின் சார்பில் இங்கே வந்திருப்பவர்கள் அந்த மூவர்தான்!

வெள்ளி விழா, வந்து வாழ்த்துங்கள் என்றார்கள். வாழ்த்துகிறேன். எப்பேர்ப்பட்ட கம்பெனி! ஒரு நாடல்ல, இரு நாடல்ல, மூன்று நாட்டு அரசுகள் கூடிப் பெற்றெடுத்த கம்பெனி! எண்ணெய் சுமக்கும் கப்பல்கள் பதினொன்று. முதல் கப்பலைக் கடலில் இறக்கிய போட்டோவை வாசலில் மாட்டியிருக்கிறார்கள், பார்த்தீர்களா? மூன்று மந்திரிகள், ஒரே ஒரு கத்தரிக்கோல். ரிப்பனே தெரியவில்லை ஐயா, கைகள்தான் தெரிகின்றன! அன்றைக்கு அத்தனை கைகள். இன்றைக்கு ஒரு கைக்காக நான் பேச வேண்டியிருக்கிறது.

அது நம் சுதீரின் வலது கை.

முன் வரிசையில் இருக்கும் கிருஷ்ணம்மாவின் மகன் சுதீர். இந்தக் கம்பெனிக் கப்பலில் எண்ணெய் ஏற்றி இறக்கும் பம்புகளைப் பார்த்துக்கொள்கிறவன். நாற்பத்தொரு நாளுக்கு முன்னால் பம்பு அறையில் இரும்புச் சக்கரம் அடித்து, முன்கை இரண்டு இடத்தில் முறிந்தது. கப்பல் நடுக்கடலிலா இருக்கிறது? இல்லை! ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது. எண்ணெயை எங்கே இறக்குவது என்று மூன்று முதலாளிகளுக்குள்ளும் தகராறு. மூவரும் கையெழுத்துப் போடாமல் ஒரு சொட்டு எண்ணெயும் இறங்கக் கூடாது, ஓர் ஆளும் இறங்கக் கூடாது. சுதீர் போனில் சொல்கிறான்: "அண்ணா, கரை நல்லா தெரியுது. பஸ்ஸு போய்க்கினு வந்துக்கினு இருக்கறதுகூட தெரியுது. என்னை இறக்க மாட்டன்றாங்க."

எழுபதாயிரம் டன் எண்ணெய் சுமக்க இடமிருக்கிறது. எலும்பு முறிந்த ஒருவனை இறக்க வழியில்லையா?

எந்த ஊர்க்காரன் அவன்? புத்தூர்க்காரன்! சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கை கால் முறிந்தவர்கள் காரில் வந்து கட்டுப் போட்டுக்கொண்டு போகிற ஊர். இந்த ஊர்ப் பிள்ளைக்குக் கட்டுப் போட ஆளில்லை! எலும்புக் கட்டுப் போடுகிற நம் ஊர் வைத்தியன் பாபு இங்கிருந்து வீடியோவில் சொல்லச் சொல்ல, கப்பல் சமையல்காரர் முட்டையை உடைத்துத் தடவி, பெட்ஷீட்டைக் கிழித்து, கரண்டிக் காம்பை வைத்துக் கட்டினார். பாபு என்ன சொன்னான் தெரியுமா? "வீடியோல எலும்பு தெரியாதுண்ணா, தொட்டுப் பாக்கற கைக்குத்தான் தெரியும். சீக்கிரம் இட்டாரலேன்னா கோணலாவே கூடிக்கும். அப்பறம் அந்தக் கையில சோறு துன்றதே கஷ்டம்."

கேப்டன் மூன்று அரசுக்கும் எழுதினார். பதில்களைக் கேளுங்கள். முதல் அரசு: "தலைமை அலுவலகம் இரண்டாம் நாட்டில் இருக்கிறது, அவர்கள் முதலில் ஒப்பமிடட்டும்." இரண்டாம் அரசு: "கேப்டன் மூன்றாம் நாட்டுக்காரர், அவர்களைக் கேளுங்கள்." மூன்றாம் அரசு: "அடித்தது பம்பு. பம்பு முதல் அரசின் பங்கு." ஆகா! கப்பலைக் கூறு போட்டார்கள், கூலிக்குப் போனவன் கையையும் கூறு போடுகிறார்களா? மணிக்கட்டு உனக்கு, முழங்கை எனக்கு என்றா?

யார் அங்கே? "இன்னாண்ணா, பிரியாணி ஆறிக்கினு போவுது" என்கிறவர்? ஆறட்டும் ஐயா! நம் வயிறு ஆறியா இருக்கிறது?

ஏசுகிறேன், ஆனால் என்னையும் ஏசிக்கொள்ள வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தக் கிருஷ்ணம்மா என்னிடம் வந்து, "அனுப்பலாமா தம்பி?" என்று கேட்டது. நான் என்ன சொன்னேன்? "சர்க்கார் வேலை அக்கா, அதுவும் மூணு சர்க்கார்! ஒண்ணு கைவிட்டாலும் ரெண்டு தாங்கும்." சர்க்கார் என்ற சொல்லைக் கேட்டாலே கண்ணை மூடிக் கும்பிடுகிற கூட்டம் நாம். மூன்று பேர் பொறுப்பு என்றால் யாருமே பொறுப்பில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. அக்கா, தப்பு என் மேல்தான். இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன், மன்னித்துவிடு.

இப்போது ஷீல்டுக்கு வருகிறேன். சுதீரின் மனைவி ஹரிதாவுக்கு விழா நினைவாக இன்று ஒரு ஷீல்டு தருகிறார்கள். கூடவே ஒரு தாளும் நீட்டினார்கள், பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாம். அந்தப் பெண் படித்தவள், பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். பொடி எழுத்தில் இருக்கிறது: "கம்பெனி மீது குடும்பத்தாருக்கு எந்தக் குறையும் இல்லை." என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "அண்ணா, இவங்க கையெழுத்து நாப்பத்தோரு நாளா வரல. என் கையெழுத்துக்கு மட்டும் பேனாவைக்கூட அவங்களே கொண்டாந்துட்டாங்க" என்றாள். வெட்கமாக இல்லையா உங்களுக்கு? நாற்காலிகளே, உங்களைத்தான் கேட்கிறேன்!

ஹரிதா, கையெழுத்துப் போடாதே அம்மா! ஷீல்டு இந்த மேசையிலேயே இருக்கட்டும். சுதீர் இந்தப் படி ஏறி வரட்டும். நடு நாற்காலியில் உட்காரட்டும். வேண்டுமா வேண்டாமா என்று அவனே சொல்லட்டும். வேண்டுமென்றால், நேரான வலது கையை நீட்டி அவனே வாங்கட்டும்!

தம்பி சுரேஷ்பாபு, நீங்கள் கெட்டவர் அல்ல. உங்கள் போனில் மூன்று ஆபீஸ் நம்பரும் இருக்கிறது, எனக்குத் தெரியும். எடுங்கள். ஸ்பீக்கரில் போடுங்கள். அவர்கள் மூவரும் சொல்லும் பதிலைப் புத்தூரே கேட்கட்டும். சுதீரை இறக்க மூவரும் ஒப்புக்கொள்ளும்வரை இங்கே யாரும் எழுந்திருக்கப் போவதில்லை. சரிதானே? கை தட்டாதீர்கள், உட்காருங்கள்!

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் நன்றி. வாழ்த்த அழைத்தவர்களுக்கு இரட்டிப்பு நன்றி. ரிங் போகிறதா தம்பி? நல்லது. மைக்கை உங்கள் போன் பக்கத்தில் வைத்துவிட்டு நானும் உட்காருகிறேன். வணக்கம்.