லுடோமிராவின் பெயரில் ஐந்து நிமிடப் பொலோனேஸ்

மேடையில் வீற்றிருக்கும் பள்ளி முதல்வர் வில்கோஷ் அவர்களே, நகரமன்றத் தலைவர் அம்மையாரே, இசைப்பள்ளியின் ஆசிரியப் பெருமக்களே, அழுது முகம் வீங்கி நிற்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். நான் டோபியாஷ், இந்தப் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியன். பியானோ பேராசிரியையின் இரங்கல் கூட்டத்தில் விசில் ஊதுகிறவனுக்கு என்ன வேலை என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. இருங்கள், சொல்கிறேன்.

கூட்டம் தொடங்கும்போது ஒலிபெருக்கியில் ஒரு பொலோனேஸ் போட்டீர்களே, அதைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் யார்? அது என்ன வேகம்! ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் வாசித்தது போல இருந்தது. எங்கள் பேராசிரியை லுடோமிரா செராட்ஸ்கா மட்டும் உயிரோடு இருந்திருந்தால், மேடை ஏறி மின்கம்பியையே பிடுங்கிப் போட்டிருப்பார்.

பொலோனேஸ் என்பது என்ன? நடக்கிற ஆட்டம் ஐயா! இந்த ஊரில் படித்த அத்தனை பேரும் இறுதித் தேர்வுக்கு முந்தைய நடன விழாவில் ஜோடி ஜோடியாக நடந்த ஆட்டம். மூன்று அடி, முழங்காலில் ஒரு சின்னத் தாழ்வு, நிமிர்ந்த தலை. நாடு அந்நியர் கையில் கிடந்த காலத்தில் நம் மேதைகள் அந்த நடையைப் பியானோவில் ஏற்றினார்கள். அப்படிக் காப்பாற்றிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்தோம்? ஓடவிட்டோம்.

அதைத் தடுக்கத்தான் லுடோமிரா டீச்சர் தம் வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டினார். ஒரு ஜனவரி மாதம், பியானோ மாணவர்களை வரிசையாக ஓட்டிக்கொண்டு என் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்தார்.

"யோவ் டோபியாஷ், இந்தக் கூடத்தக் கொஞ்சம் குடுய்யா. இதுங்களுக்கு விரலெல்லாம் பறக்குது, கால்ல ஒண்ணுக்கும் நடக்கத் தெரியல."

"டீச்சர், இங்க கூடைப்பந்து நடக்குது."

"பந்து அப்புறமா குதிக்கட்டும். இதுங்க முதல்ல நடக்கட்டும். நீ ஏன் கம்பம் மாதிரி நிக்கிற? வா, கையப் புடி."

அன்று பிடித்த கை. அதன்பிறகு ஒவ்வோர் ஆண்டு நடன விழாவிலும் முதல் ஜோடி நாங்கள்தான். "கரடிகூட உன்னவிட அழகா முழங்கால மடக்கும்யா" என்று காதருகில் திட்டிக்கொண்டே வருவார். சபைக்கு மட்டும் சிரித்த முகம் காட்டுவார்.

பக்கத்து மாவட்டப் போட்டிக்கு அவரை நடுவராக அழைத்தார்கள். ஒரு மாணவன் பொலோனேஸைப் புயல் வேகத்தில் வாசித்து முடித்தான். நடுவர் குழுத் தலைவர் கைதட்டி, "மின்னல்!" என்றாராம். டீச்சர் எழுந்துவிட்டார்.

"மின்னலா? சரி, எந்திரிச்சு வாங்க சார், நடப்போம். தம்பி, அதே வேகத்துல இன்னொரு தடவ வாசி."

தலைவர் பாதிச் சுற்றில் நாற்காலி தடுக்கி விழுந்தார். அரங்கமே சிரித்தது. ஆனால் அதன்பிறகு எந்தப் போட்டிக்கும் டீச்சரை அழைக்கவில்லை. அவருடைய மாணவர்களுக்குப் பரிசும் வரவில்லை. பெற்றோர் வந்து கெஞ்சினார்கள். "பிள்ளைங்க எதிர்காலம் டீச்சர், கொஞ்சம் வேகமாத்தான் வாசிக்கச் சொல்லுங்களேன்." அவர் சொன்ன பதில் எனக்கு நினைவிருக்கிறது. "வேகமா வாசிச்சா பரிசு வரும்மா. கூட நடக்கிறவங்க எங்க போவாங்க?"

சரி, அது போகட்டும். சற்றுமுன் முதல்வர் அறிவித்தார், நீங்களும் கைதட்டினீர்கள்: பேராசிரியை லுடோமிரா செராட்ஸ்கா நினைவுப் பொலோனேஸ் போட்டி! கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! அதன் விதியை யாராவது கேட்டீர்களா? ஒருவருக்கு ஐந்து நிமிடம். தாண்டினால் மணி அடித்து நிறுத்திவிடுவார்கள். காலையிலேயே இந்த விதி என் காதுக்கு வந்தது, தாழ்வாரத்தில் முதல்வரை மறித்துக் கேட்டேன்.

"சார், டீச்சர் நடையில வாசிச்சா அஞ்சு நிமிஷத்துல முடியாதே?"

"நெறைய பிள்ளைங்க வருவாங்க டோபியாஷ். நிகழ்ச்சி நேரத்துக்கு முடிய வேணாமா? கொஞ்சம் வேகமா வாசிக்கட்டுமே."

கேட்டீர்களா? கொஞ்சம் வேகமா வாசிக்கட்டுமே! நேற்றுத்தான் பனியைத் தோண்டி அவரைப் புதைத்துவிட்டு வந்தோம். போட்ட செவ்வந்திகூட வாடவில்லை. அதற்குள் அவர் பெயரைப் போட்டு, அவர் வெறுத்ததற்கே பரிசு கொடுக்கப் போகிறோம். இதற்குப் பெயர் நினைவஞ்சலியா? இதைவிட அவரை மறந்துவிடலாம்.

நான் இசை படித்தவன் அல்லன். எனவே வாதம் செய்யவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். ஒல்கியெர்ட், நீ டீச்சருக்குப் பக்கத்து அறையில் பியானோ கற்றுக்கொடுத்தவன், அவர் நடை உனக்குத் தெரியும். போய் உட்கார். பிள்ளைகளே, நாற்காலிகளை ஓரம் தள்ளுங்கள். கூட்டம் முடிந்து பரிமாற வைத்திருக்கும் கோழி சூப் ஆறினால் ஆறட்டும்.

முதல்வரே, நீங்களும் ஒரு காலத்தில் அவருடைய மாணவர்தான். இறங்கி வாருங்கள். என் வலது கை இன்று காலியாக இருக்கிறது, பிடித்துக்கொள்ளுங்கள். பொலோனேஸ் முடியும்வரை நடப்போம். ஐந்து நிமிடம் போதும் என்று அதன்பிறகும் தோன்றினால் உங்கள் விதியே இருக்கட்டும், நான் வாய் திறக்கவில்லை. போதாது என்றால் விதியை நீக்குங்கள், இல்லையேல் அவர் பெயரை நீக்குங்கள். எது எப்படியானாலும் சபை அறிய ஒன்று சொல்கிறேன்: நான் இங்கே வேலையில் இருக்கும்வரை, ஜனவரி தோறும் என் கூடம் பியானோ மாணவர்கள் நடப்பதற்குத் திறந்திருக்கும்.

வாசி, ஒல்கியெர்ட். அவசரமே வேண்டாம்.

வருகிறார்... கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வருகிறார். நல்லது முதல்வரே, மிக்க நன்றி. எல்லோரும் பின்னால் ஜோடி சேருங்கள். முழங்காலைத் தாழ்த்துங்கள் முதல்வரே, இன்னும் கொஞ்சம். முந்திப் போகாதீர்கள், முன்னிடம் டீச்சருடையது. இன்றைக்கு நாம் இரண்டாவது ஜோடி.