‘சேர்ந்தாச்சு’ என்று சொன்ன குரலுக்கு

ஆம்பூரில் நம் காலணி ஏற்றுமதி நிறுவனத்தின் செய்திப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகள் கண்ணும் கருத்துமாய்ப் பணியாற்றி, இன்று விடைபெறும் அன்புக்குரிய கேத்தரின் அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் கனத்த நெஞ்சோடு வாசித்தளிக்கும் மடல்.

அடக்கத்தின் அணிகலனே, அன்பின் அருவியே என்றெல்லாம் அடுக்கத்தான் அமர்ந்தோம். "இதெல்லாம் ஜாஸ்தி" என்று தாங்கள் தடுப்பீர்கள் என்பதால், பொறுமையின் இருப்பிடமே என்று மட்டும் விளிக்கிறோம். அதற்குச் சாட்சி சொல்ல இந்த அறையில் ஆள் நிறைய உண்டு.

டெலக்ஸ் இயந்திரத்தின் முன் வந்து அமர்ந்தீர்கள், பிறகு ஃபேக்ஸ், இரண்டாயிரத்து ஒன்றில் மிடில்வேர் வந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளரின் கணினிக்கும் நம் கணினிக்கும் நடுவே நின்று, ஒன்று சொல்வதை மற்றதற்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருள் அது என்று எங்களுக்கு விளக்கியவர் தாங்களே. அவர்களுடைய ஆர்டர் உள்ளே வரும். நம் சரக்கு விவரம் வெளியே போகும். அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். வெளியே போனதற்கு, கிடைத்தது என்ற பதில் உள்ளே வந்தால்தான் முடிந்தது என்றீர்கள் தாங்கள்.

அதை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம். ஜெர்மனிக்கு அனுப்பிய சரக்கு விவரத்துக்குப் பதில் தாமதமாக, பொறுக்காமல் அதையே மறுபடி அனுப்பிவைத்தோம். இரண்டும் போய்ச் சேர்ந்தன. நாம் ஏற்றியது ஒரே கன்டெய்னர். அவர்கள் இரண்டுக்கு லாரி பிடித்துக் காத்திருந்தார்கள். தாங்கள் யாரையும் கடியவில்லை. மறுநாளே ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தீர்கள். வெளியே அனுப்பும் இருக்கையில் இருந்த நம் மூர்த்தி, செய்தியை அனுப்பியதும் "போயாச்சு" என்று குரல் கொடுப்பார். உள்ளே வருவதைப் பார்க்கும் தாங்கள், பதில் வந்ததும் "சேர்ந்தாச்சு" என்பீர்கள். அந்தச் சொல் காதில் விழும்வரை எவரும் மறுபடி அனுப்பக் கூடாது. "இன்னா மேடம், இன்னும் வர்லியா?" என்று மூர்த்தி எட்டி எட்டிப் பார்ப்பார். "வரும், உக்காருப்பா" என்பீர்கள்.

சென்ற ஆண்டு ஒரு காலையில் "போயாச்சு மேடம்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கச் சென்ற மூர்த்தி, கேண்டீன் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மருத்துவமனை போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. அவர் அனுப்பியதற்குப் பதில் பிற்பகலில் வந்தது. மறுநாள் வாலாஜாபேட்டையில் மூர்த்தியின் வீட்டில், மாலை போட்டுக் கிடத்தியிருந்த அவர் அருகே குனிந்து, "சேர்ந்தாச்சு மூர்த்தி" என்று தாங்கள் சொன்னதைப் பின்னால் நின்ற நாங்கள் கேட்டோம். அன்று அழாதவர் எங்களில் ஒருவரும் இல்லை.

அதன் பிறகு இரண்டு சொற்களையும் தாங்களே சொல்லி வந்தீர்கள். நாளை முதல் அவர் நாற்காலியோடு தங்கள் நாற்காலியும் காலி. பதில்கள் வழக்கம்போல் வரும். சேர்ந்ததற்கு அடையாளமாகத் திரையில் பச்சை நிறம் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லத் தாங்கள் இல்லையே என்பதுதான் எங்கள் துயரம்.

நோய்நொடியின்றி, பெற்ற பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சூழ நெடுங்காலம் வாழ்க என்று ஆண்டவரை வேண்டுகிறோம். இன்று மாலை தங்களை வேலூர்ப் பேருந்தில் ஏற்றிவிட்டு இங்கே திரும்பி வந்து, "போயாச்சு" என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். வீடு போனதும் ஒரு போன் செய்யுங்கள் அம்மா. அந்த ஒரு சொல் வரும்வரை நாங்கள் யாரும் இந்த அறையை விட்டுக் கிளம்ப மாட்டோம்.

தங்கள் குரலுக்குக் காத்திருக்கும்,
செய்திப் பிரிவு, ஏற்றுமதிப் பிரிவு ஊழியர்கள்
ஆம்பூர், மே 2008